மண்ணின் மக்களும் பர்மாக்காவின் டீக்கடையும்

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையின் பெருமையை உலகறியச் செய்யும் உன்னத நோக்கத்தோடு, 2005-ஆம் ஆண்டு ஒரு பொம்மைக் கண்காட்சி நடத்த மேலிடம் ஆணையிட்டது. தலைப்பு ‘மண்ணின் மக்கள்’. இவ்வூரின் ஒவ்வொரு குடிக்கும் ஒரு பீங்கான் பொம்மை. பேட்டை வாசலில் கடை போட இனிமேல் பொம்மை உள்ள குடிக்குத்தான் அனுமதி.

பொறுப்பு தனி அலுவலர் தேவநாதன் தலையில் விழுந்தது. யார் மண்ணின் மக்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பாவம், மனுசனுக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் இருந்த ஒரே கடைக்கு டீ குடிக்கப் போனார். கடைக்காரர் ரமீஜா பீவி, சின்னப் பிள்ளையில் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவர். பேட்டையில் வேலை செய்யும் எங்களுக்கெல்லாம் பர்மாக்கா.

“என்ன சார், மொகம் வாடிக் கெடக்குது?”

தேவநாதன் விஷயத்தைச் சொன்னார். அக்கா பதறிப்போனார்.

“இந்தக் கணக்கே வேணாம் சார். பர்மாவுல இப்படித்தான் ஆரம்பிச்சாங்க. எங்க இனம், எங்க மதம், மத்தவன்லாம் வந்தேறின்னு. எங்கள இந்தியாவுக்குப் போன்னு துரத்துனாங்க. அரக்கான் பக்கம் ரோஹிங்கியான்னு முஸ்லிம் ஜனங்க, காலங்காலமா அங்கியே இருக்கறவங்க. அப்படி ஒரு பேரே கெடயாது, நீ வங்காளின்னுட்டாங்க. இன்னிக்கும் கல்யாணம் கட்டக்கூட சர்க்காருகிட்ட அனுமதி கேட்டு நிக்கறாங்க.”

“எப்படிப் பிரிச்சாங்க?” தேவநாதன் பேனாவைத் திறந்தார்.

“வெள்ளைக்காரன் வர்றதுக்கு முந்தியே இருந்தவந்தான் அந்த நாட்டு இனமாம்.”

“அடடே, நல்ல முறையா இருக்கே. நமக்கு ரயிலு வெச்சுக்கலாம்.”

ரயில் வருவதற்கு முன்பு இங்கே இருந்தவர்களே மண்ணின் மக்கள். அதற்கு முன் யாரும் எங்கிருந்தும் வந்திருக்க வாய்ப்பில்லை. கண்காட்சிக் கமிட்டி ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. அன்றைக்கு டீ பர்மாக்கா கடையிலிருந்துதான் போனது.

மறு வாரம், பொம்மை இல்லாத குடி என்று அக்காவைக் கடையைக் காலி செய்யச் சொன்னார்கள். அக்கா தேவநாதனின் ஆபீசுக்கு ஓடினார்.

“எங்க அத்தா பொறந்தது இதோ பக்கத்துல மங்கலம்பேட்ட சார்.”

“பொறந்தாரும்மா. அப்புறம் மண்ணை விட்டுப் போயிட்டார் இல்ல?”

“பொழைக்கப் போனாரு. மங்கலம்பேட்டயில பாதிப் பேரு துபாய்ல இருக்கறாங்க.”

“அது வேற. அவங்க பணம் அனுப்பறாங்க.”

“இந்தப் பொம்மைக்கு மண்ணே லாரியில வெளியூருலேந்து வருதுங்களே.”

“மண்ணு எங்கேருந்து வந்தா என்ன? மக்கள்தான் இங்கேயே இருக்கணும்.”

“அப்ப பர்மாத் தமிழர்னு ஒரு பொம்மை போட்டுடுங்க சார். எனக்கு அந்தக் கடய விட்டா வேற வழி இல்ல.”

“அப்படி ஒரு பேரே கிடையாதும்மா.” தேவநாதன் நிஜமாகவே வருத்தப்பட்டார். “நீங்க சொன்ன முறைதானே?”

அக்கா பாய்லரை ஆட்டோவில் ஏற்றினார். தினம் அவரிடம் கடன் சொல்லிக் குடித்த சூளைக்காரன் காத்தவராயன், நேராகக் கண்காட்சி அலமாரிக்குப் போய்த் தன் குடிப் பொம்மை இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. நாங்களும் போய்ப் பார்த்தோம். எங்களுடையதும் இருந்தது. அப்புறம் என்ன, அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

பிறகு பொதுமக்களிடம் ஆட்சேபணை கோரப்பட்டது. மனுக்கள் குவிந்தன. அக்கா கடையைப் பற்றி ஒன்றுகூட இல்லை. எல்லாமே, எங்கள் பொம்மைக்குப் பக்கத்தில் நிற்கும் பொம்மையின் குடி ரயில் வந்த பிறகு வந்தது என்ற மனுக்கள். தேவநாதன் நேர்மையானவர். அத்தனையையும் விசாரித்து, அத்தனையையும் ஏற்றுக்கொண்டார்.

திறப்பு விழாவன்று திரை விலகியது. அலமாரியில் ஒரு பொம்மையும் இல்லை. பக்கத்துப் பொம்மை ஒழிந்ததைப் பார்த்த சந்தோஷத்தில் நாங்கள் வெகுநேரம் கை தட்டினோம்.