எதிரி போட்ட கையெழுத்து

இணையவெளியும் தரை, கடல், வானம் போல ஒரு போர்க்களமே என்று அரசு தீர்மானித்தது. உடனே அதற்கொரு தலைமையகம் எழும்பியது. தலைமையகத்துக்கு மதில், மதிலுக்கு கேட், கேட்டில் துப்பாக்கியோடு ஒரு காவலாளி. இந்தப் போரில் எதிரி கேட் வழியாக வரமாட்டானே என்று யாரும் வாய் திறக்கவில்லை. அதற்கும் மேலிடத்து அனுமதி வேண்டும்.

ஒரு நாள் காலை, திரையைக் கண்காணிக்கும் பெண் சிப்பாய் தளபதியின் அறைக்கு ஓடிவந்தாள்.

“சார், எதிரி உள்ளே வந்துட்டான்!”

தளபதி ஜன்னலைச் சாத்தினார்.

“நம்ம கம்ப்யூட்டருக்குள்ள சார். ஒரு பட்டனைத் தட்டினா வெளியே தள்ளிடலாம்.”

“தட்டிடலாம்மா. ஆனா கேபிள் மண்ணுக்குள்ள போகுது, கடலுக்குள்ள போகுது, சிக்னல் காத்துல வருது. மூணு படையும் ஒப்புதல் தரணும். எழுதிப் போடுறேன்.”

ஒப்புதல் வரவில்லை. அதற்குள் அவளுக்கு விடுமுறை வந்துவிட்டது. அக்காவுக்குத் தலைப்பிரசவம், துணைக்கு இவளை விட்டால் நாதியில்லை. மாதக்கணக்காகக் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்த விண்ணப்பத்தில், தளபதியின் மின்கையெழுத்து! அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகுதான் உறைத்தது. தளபதிக்குத் தன் பாஸ்வேர்டு மறந்துபோய் வருஷமாகிறது.

“சார், எதிரிதான் உங்க கையெழுத்தைப் போடுறான். தேங்கிக் கிடந்ததையெல்லாம் தீர்த்துக்கிட்டு வர்றான்.”

“சிபாரிசு பார்க்கிறானா?”

“இல்ல சார். வரிசைப்படி.”

“அப்போ நிச்சயமா நம்ம ஆள் இல்ல.” தளபதியின் குரல் தாழ்ந்தது. “என் பதவி நீட்டிப்பு?”

“நேத்தே ஆயிடுச்சு சார்.”

அந்த நேரம் பார்த்து மூன்று படைகளின் ஒப்புதலும் வந்து தொலைத்தது. எதிரியைத் தள்ளினால் அவன் போட்ட கையெழுத்து எதுவும் செல்லாது. அக்காவின் முகம் நினைவுக்கு வர, அவள் விரல் பட்டன் மேலேயே நின்றது. தளபதி மேலே சுற்றாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரையில் எழுத்துகள் ஓடின.

“அவசரப்படாதீங்க தங்கச்சி. உங்களைத் தாக்கச் சொல்லி எங்க மேலிடத்து உத்தரவு இன்னும் வரல. சும்மா இருக்க முடியாம உங்க வேலையைப் பார்த்தேன். என் லீவும் இங்கே கிடப்புல கிடக்கு. உங்க ஆள் யாரையாவது எங்க கம்ப்யூட்டருக்குள்ள கொஞ்சம் அனுப்பி வைங்களேன்.”

அவள் விரலை எடுத்தாள்.

“சார், எதிரி கம்ப்யூட்டருக்குள்ள நுழைய யார் அனுமதி தரணும்?”

“நான்தான்,” என்றார் தளபதி. “எழுதிப் போடு. அவன் கையெழுத்துப் போட்டுடுவான்.”