ஐந்தாவது முதுகுப்பை

இந்த வருடம் மலை ஏறியே தீருவது என்று முடிவு செய்தேன். போன வருடமும் இதே முடிவுதான். நடுவில் பை வந்துவிட்டது.

எனக்குத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் இரவு ஷிப்ட். விடிந்து பஸ்ஸில் திரும்பும்போது, மேம்பாலத்தின் மேல் சரியாக இரண்டு நிமிடம் அந்த மலை தெரியும். உச்சியில் பட்ட வெயில் மெல்லக் கீழே இறங்கத் தொடங்கும். அதற்குள் ஒரு கட்டடம் வந்து மறைத்துவிடும். மறைந்த மிச்சத்தை நினைத்துக்கொண்டே பகலெல்லாம் தூங்குவேன். அந்த மிச்சத்துக்காகத்தான் கேமரா வாங்கினேன். மூன்று வருடத்தில் எடுத்தது பதினொரு படம். எல்லாம் எங்கள் வீட்டு ஜன்னல்.

கேமராவைக் கையை வீசிக்கொண்டா தூக்கிப்போக முடியும்? இரண்டு லென்ஸ், மழை உறை, தண்ணீர். பை சரியாக அமைய வேண்டாமா? முதல் பை தோளை அறுத்தது. இரண்டாவது முதுகை வேகவைத்தது. மூன்றாவதின் இடுப்புப் பட்டை என் தொப்பையைச் சுற்றிவர மறுத்தது. நான்காவதில் கேமராவை எடுப்பதற்குள் மேகம் கலைந்துவிடும். நிஜக் கேமராவை வைத்துச் சோதிக்க மனம் வரவில்லை. விழுந்து தொலைத்தால்? சர்க்கரை டப்பாவைத் துண்டில் சுற்றி உள்ளே வைத்துக் கூடத்தில் நடந்தேன்.

"ஏங்க, கூடத்துலயே எத்தனை தடவை மலை ஏறுவீங்க?" என்றாள் மனைவி.

"இது ட்ரையல்."

"டீக்குச் சர்க்கரை வேணும். மலையேறினது போதும், டப்பாவை இறக்கி வைங்க."

"உனக்கு மலைன்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியாதுங்க" என்றாள், ரொம்ப மரியாதையாக. அந்த மரியாதையிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஐந்தாவது பையை வாங்கிவந்து, வேலைக்குச் சாப்பாடு கொண்டுபோக என்று கூசாமல் பொய் சொன்னேன்.

"சாப்பாட்டுக்குன்னே தைச்ச மாதிரி இருக்குங்க."

நம்பிவிட்டாள்! அன்று பகல் பையைக் கட்டிக்கொண்டு தூங்கினேன்.

விடுமுறை நாள் வந்தது. அவள் சமையலறையில் இருந்தாள். பீரோவிலிருந்து சத்தமில்லாமல் கேமராவை எடுத்து ஜன்னலைப் பார்த்து அழுத்தினேன். கார்டில் இடமில்லை என்றது. பதினொரு படத்துக்கா?

ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். மலை. மலைப்பாதை. பாறைமேல் நின்று சிரிக்கும் மாடிவீட்டுத் தையல்காரம்மா. உச்சியிலிருந்து, தீப்பெட்டி மாதிரி ஒரு பஸ் ஊர்ந்து போகும் மேம்பாலம். கடைசிப் படம்: நான். வாயைப் பிளந்து, பையைக் கட்டிக்கொண்டு.

"இதை எதுல வச்சுக் கொண்டுபோனே?" எத்தனையோ கேட்டிருக்கலாம். வாயில் வந்தது இதுதான்.

"காய்கறிப் பையில. உங்க பழைய ஸ்வெட்டரைச் சுத்தி."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"நீங்க பை பாத்துட்டு இருந்தீங்க. தொந்தரவு பண்ண வேணாம்னு..." கைகளைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "பாலத்துல பஸ் போகுதே, அதுல நீங்க இருக்கீங்க. பால் வாங்கப் போய் லேட்டாயிடுச்சுன்னு சொன்னேனே, அன்னைக்குத்தான். மேலேர்ந்து கையாட்டினேன்."

இத்தனை வருடம் நான் பார்த்துக்கொண்டிருந்த மலை, ஒருநாள் என்னைத் திரும்பிப் பார்த்திருக்கிறது. நான் சர்க்கரை டப்பா நினைப்பில் இருந்திருப்பேன்.

"கிளம்பு" என்றேன். "இப்பவே போறோம்."

"இருங்க, வேற கார்டு வச்சிருக்கேன்."

போனோம். கேமரா அவள் கழுத்தில் தொங்கியது. என் ஐந்தாவது பையில், லென்ஸுக்கென்றே வைத்திருந்த மெத்தை அறைக்குள், மூன்றடுக்கு டிபன் கேரியர் இம்மியும் ஆடாமல் வந்தது.