சுற்று ஊஞ்சலின் அசல்வாதி

மனிதர்களில் அசல்வாதி என்றொரு ரகம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். ஆனால் நன்றாகக் கொழுத்து வளர்ந்த மாதிரியைப் பார்க்க வேண்டுமானால், கோடையில் பென்சில்வேனியாவின் பழைய பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றுக்குப் போக வேண்டும். மர ரோலர் கோஸ்டரைத் தாண்டி, மாவுப் பலகாரம் பொரிக்கும் கடையின் எண்ணெய்ப் புகையைத் தாண்டி, சுற்று ஊஞ்சலின் வேலியோரம் அவர் நிற்பார். என்றோ இடித்துத் தள்ளிய ஏதோ ஒரு பூங்காவின் பெயர் போட்ட பனியன், தலையில் ஒரு தொப்பி, தொப்பி முழுக்கக் குத்திவைத்த பேட்ஜுகள், கழுத்தில் கேமரா. ஊஞ்சலில் ஏற வந்தவரா? சேச்சே. ஏறுகிறவர்களைத் திருத்த வந்தவர்.

சுற்று ஊஞ்சல் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. நடுவில் இரும்புக் கோபுரம், அதன் தலையில் ஆறு கைகள், ஒவ்வொரு கையிலும் கம்பிவடத்தில் தொங்கும் ஒரு ராக்கெட். கோபுரத்தின் தலை சுற்றச் சுற்ற ராக்கெட்டுகள் வெளிப்பக்கம் விரிந்து பறக்கும். உள்ளே இருப்பவர்கள் கத்துவார்கள். உங்களுக்கும் எனக்கும் விஷயம் அவ்வளவுதான். அசல்வாதிக்கு அங்கேதான் தொடக்கம்.

“இதுல முதல்ல ராக்கெட்டே கிடையாது, தெரியுமா?” என்று ஐஸ்கிரீமோடு வேலியில் சாய்ந்த அப்பாவியிடம் ஆரம்பிப்பார். “பிரம்புக் கூடை! அப்புறம் ஏரோப்ளேன் மோகம் வந்துச்சு, கூடையக் கழட்டிட்டு ப்ளேன மாட்டினாங்க. அதுக்கும் அப்புறம்தான் இந்த ராக்கெட்டு.”

“அப்படியா? ஏறினா ஜாலியா இருக்குமா?” என்பார் அப்பாவி.

கேட்கவே கூடாத கேள்வி. அசல்வாதிக்கும் ஜாலிக்கும் என்ன சம்பந்தம்?

எங்கள் பிளம் கிரீக் பூங்காவின் அசல்வாதி எல்வுட் கிரெப்ஸ், ஓய்வு பெற்ற வடிவியல் ஆசிரியர். நாற்பது வருடமாக அந்த வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஒரு தடவைகூட ஊஞ்சலில் ஏறியதில்லை. முப்பது வருடமாக அந்த ஊஞ்சலை ஓட்டும் டார்லீன் ஷூமேக்கர் கேட்காத நாளில்லை.

“ஒரு தடவ ஏறித்தான் பாரேன், எல்வுட்.”

“அந்த பெல்ட்டு பின்னால வந்தது, டார்லீன். அசல்ல பெல்ட்டே இல்ல. அதக் கழட்டு, ஏறுறேன்.”

“பெல்ட்டக் கழட்டினா நீ ராக்கெட்டுல இருக்க மாட்டய்யா. கார் நிறுத்துற எடத்துல கெடப்ப.”

இப்படி இருக்கும்போது மோட்டார் புகைந்து, ஊஞ்சல் இரண்டு கோடை சும்மா நின்றது. பூங்காவின் முதலாளி கெண்ட்ரா ராத்மெல் கெடு வைத்துவிட்டார். ஜூலை நான்காம் தேதி, சுதந்திர தினத்தன்று ஊஞ்சல் ஓட வேண்டும், ஜனங்கள் ஏற வேண்டும். இல்லையென்றால் ஐந்தாம் தேதி காலை பழைய இரும்பு லாரி வரும். அந்த இடத்தில் எலுமிச்சை ஜூஸ் கடை. டார்லீன் சளைக்கவில்லை. மெக்கானிக்கைப் பிடித்து மோட்டாரைச் சரிசெய்து, கம்பிவடங்களை மாற்றி, அரசாங்கப் பரிசோதகரின் முத்திரையையும் வாங்கி ஒட்டிவிட்டார். பாக்கி பெயின்ட்தான். அதை ‘ஊஞ்சல் நண்பர்கள் சங்க’த்திடம் ஒப்படைத்துவிட்டு, மகளின் பிரசவத்துக்காக ஒஹாயோ புறப்பட்டார். சங்கத்தின் தலைவர் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

“பழைய வெள்ளிக் கலரையே அடிச்சிருங்க,” என்று போகும்போது டார்லீன் சொன்னார். கல்யாண வீட்டில் துக்கம் விசாரித்தவரைப் பார்ப்பதுபோல் எல்வுட் அவரைப் பார்த்தார்.

“அசல் நிறம் என்னன்னு தெரியாம ஒரு பிரஷ்கூட நனையக் கூடாது!”

சுரண்டல் ஆரம்பமாயிற்று. கையில் பிளேடு, கண்ணில் பூதக்கண்ணாடி, சட்டைப்பையில் குறிப்பேடு. வெள்ளிக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் மஞ்சள், மஞ்சளுக்கு அடியில் பச்சை என்று மூன்று வாரம் சுரண்டினார். ஒரு சனிக்கிழமை கோபுரத்தடியில் கூச்சல். ஓடிப் போய்ப் பார்த்தோம். பச்சைக்கும் அடியில் செம்பழுப்பாக ஒரு நிறம். அதற்கும் அடியில் வெறும் இரும்பு.

“இதுதான்! இதுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல!” எல்வுட்டின் கண்கள் கலங்கிவிட்டன. அங்கேயே அதற்கு ‘பிளம் கிரீக் சிவப்பு’ என்று பெயரும் வைத்தார்.

சங்கத்தின் பதினோரு பேர், மூன்று வார இறுதிகள், இரண்டு பூச்சு. நானும் பிரஷ் பிடித்தவன்தான். இந்த நிறத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று ஒரு நினைப்பு வந்து எட்டிப் பார்த்தது. தலைவருக்குத் தெரியாததா என்று அதைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஜூலை நான்காம் தேதி காலை டார்லீன் திரும்பி வந்தார். அண்ணாந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“எல்வுட், என்ன இது?”

“அசல்.”

“இது ரெட் ஆக்சைடு. துருப்பிடிக்காம இருக்க அடியில அடிக்கிறது. எங்க வீட்டுக் கேட்டுக்கே அடிச்சிருக்கேன். இதுக்கு மேலதான்யா கலர் அடிப்பாங்க!”

அதிலும் ஒரு கொடுமை. துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கும் பூச்சு, பார்க்கத் துரு மாதிரியே இருக்கும். விடுமுறைக் கூட்டம் திரண்டு வந்தது, வேலியருகில் நின்றது, மேலே பார்த்தது, கைக்குழந்தைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நகர்ந்தது.

“ஐயோ, பூராவும் துரு! அறுந்து விழுந்தா யாரு பதில் சொல்றது?”

பிற்பகல் மூன்று மணி வரை ஒருவர் ஏறவில்லை. கெண்ட்ரா கையில் போனோடு வந்தார்.

“டார்லீன், நானும் பாத்துட்டேன். லாரிக்காரனுக்குச் சொல்லிரவா?”

டார்லீன் வாயைத் திறப்பதற்குள் எல்வுட் முந்திக்கொண்டார்.

“கொஞ்சம் பொறுங்க. ஒரு பெயின்ட் துணுக்க லேபுக்கு அனுப்புவோம். அறிக்கை வந்ததும் அடுத்த வருஷம்...”

“அடுத்த வருஷம் இங்க எலுமிச்ச ஜூஸ்தான் இருக்கும்!” என்று வெடித்தார் டார்லீன். “போய் அதையும் அசலான்னு சுரண்டிப் பாரு!” வேலிக் கதவை விரியத் திறந்தார். “ஏறு.”

“அந்த பெல்ட்டு...”

“நான் மாட்டி விடுறேன். நாப்பது வருஷமா பக்கத்துலயே நிக்கிற நீயே ஏறலேன்னா வேற எவன்யா ஏறுவான்?”

எல்வுட் கெண்ட்ராவின் போனைப் பார்த்தார். கோபுரத்தைப் பார்த்தார். கேமராவைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர் மாதிரி போய் உட்கார்ந்தார்.

முதல் சுற்றில் கண்ணைத் திறக்கவில்லை. இரண்டாவது சுற்றில் தொப்பி பறந்து பலகாரக் கடையின் மாவுச் சட்டியில் விழுந்தது. மூன்றாவது சுற்றில் ராக்கெட் நன்றாக விரிந்ததும் மேலேயிருந்து ஒரு சத்தம். நிறுத்தச் சொல்கிறாரோ என்று டார்லீன் நெம்புகோலை இழுக்கப் போனார். இல்லை. அறுபத்தெட்டு வயது வடிவியல் ஆசிரியர் கிச்சுகிச்சு மூட்டிய மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். நிற்கவே இல்லை அந்தச் சிரிப்பு.

கூட்டம் திரும்பிப் பார்த்தது.

“அந்த ஆளு என்னத்தக் குடிச்சாரு?”

“ஒண்ணுமில்லையாம். அதுல ஏறினாலே அப்படித்தானாம்.”

“அப்ப வா, நாமளும் ஏறுவோம்!”

கால் மணி நேரத்தில் வரிசை பலகாரக் கடை வரை நீண்டுவிட்டது. கெண்ட்ரா போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். டார்லீன் மூக்கை உறிஞ்சிவிட்டு, “அடுத்த ஆறு பேரு!” என்று கத்தினார்.

எல்வுட் கால் பின்ன இறங்கி வந்தார். “டார்லீன், இன்னொரு தடவ.”

“வரிசையில போய் நில்லு.”

போய் நின்றார், எல்லோருக்கும் கடைசியில், வாய் பேசாமல், முகமெல்லாம் சிரிப்பாக. எவ்வளவு நேரம்? இரண்டு நிமிடம். அப்புறம் முன்னால் நின்றவரின் தோளைத் தட்டினார். “அசல் மோட்டாரு இன்னும் கொஞ்சம் மெதுவாத்தான் சுத்தும், தெரியுமா?”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். கூடை போய் ப்ளேன் வந்தது எந்த வருடம் என்று போடவில்லையே என எங்காவது புருவத்தைத் தூக்கினீர்களா? “அந்தக் காலத்துல எழுதினாங்க பாருங்க, அதுதான் அசல் நையாண்டி” என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வாயெடுத்தீர்களா? அப்படியென்றால் சங்கத்தில் பன்னிரண்டாவது இடம் காலியாக இருக்கிறது. இன்றே விண்ணப்பியுங்கள். சான்றிதழ்களின் நகல் ஏற்கப்படாது.