சூரியன் மறையுமுன் ரத்தாகாத சபதம்

பியாலிஸ்டாக், செவ்வாய்க்கிழமை.

எருசலேமில் எபிரெய வாத்தியாராக விளங்கும் மதிப்புக்குரிய அண்ணன் நப்தாலிக்கு, தங்கை பிரெய்னா எழுதுவது. கடவுள் கிருபையால் இங்கே எல்லாம் நலம், பேச்சு ஒன்றைத் தவிர.

சம்பவத்தின்போது சமையலறையில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், உங்கள் மைத்துனர் ஹெர்ஷல், பன்னிரண்டு வயது நிரம்பிய மகள் ரெய்ஸல், தொட்டியில் உயிரோடு ஒரு கெண்டை. வேறு சாட்சி கிடையாது.

மூன்று வாரம் முன்பு, வெள்ளி மத்தியானம். எபிரெயத்தைப் புகழ்ந்து நீங்கள் எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு ரெய்ஸல் எழுந்து நின்றாள். "இனிமே மனுஷங்ககிட்ட எபிரெயம் மட்டுந்தான் பேசுவேன். இது சபதம். நம்ம வீட்டுப் பேச்சு யித்திஷ்ல இதான் கடைசி."

மகளின் சபதத்தைத் தகப்பன் கேட்ட அன்றைக்கே ரத்து செய்யலாம் என்று வேதத்திலேயே இருக்கிறது. "ஏங்க, ரத்துன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றேன். "வெந்நீர் ஆறிடும்டி, குளிச்சிட்டு வந்து சொல்றேன்" என்று துண்டோடு போனவர், ஊர்ப் பொதுக் குளியல்கூடத்தில் யாரோடோ அரசியல் பேசி முகம் சிவந்து திரும்பியபோது நான் ஓய்வுநாள் விளக்கை ஏற்றியாகிவிட்டது, சூரியனும் இறங்கியாகிவிட்டது. நமக்குச் சூரியன் இறங்கினாலே மறுநாள் அல்லவா? "ரத்து!" என்றார். "எந்த நாளுக்கு?" என்றேன். அன்று வீட்டுத் தலைவருக்கென்று வைக்கும் மீன்தலையை அவருக்கு வைக்கவில்லை. இனி ஊர் ஆண்கள் மூன்று பேர் கூடி அவளைச் சபதத்திலிருந்து விடுவிக்கலாம், ஆனால் சபதம் போட்டவள் வருந்தவேண்டும். அவளோ வருந்துவதாக இல்லை.

இப்போது வீட்டில் கடவுள்தான் தூது. நான் கூரையைப் பார்த்து, "ஆண்டவனே, வாளி காலின்னு அந்த மகாராணிகிட்ட சொல்லு" என்பேன். அவளும் கூரையைப் பார்த்து எபிரெயத்தில் ஏதோ சொல்வாள். ஹெர்ஷல் மொழிபெயர்ப்பார்: "கத்தாம கேட்டா தண்ணி வரும்கறா." இவர் சொந்தச் சரக்கு எவ்வளவு சேர்க்கிறார் என்று தெரியவில்லை. போன வாரம் அவளுக்கு வெங்காய ரொட்டி வேண்டுமாம் என்றார், தின்றது இவர்.

புனித மொழியான எபிரெயத்தின்மேல் எனக்குப் பக்தி இல்லாமல் இல்லை. ஆனால் எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? அடுப்படியில் யித்திஷ் ஜெபப் புத்தகத்தை எழுத்துக்கூட்டித்தானே படித்தேன்! உடைந்த முட்டையைக்கூடக் கணக்கில் எழுதுகிறவள் நான்; மகள் பேசாத பேச்சை எந்தப் பக்கத்தில் எழுதுவது? முந்தாநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெண்பிள்ளைக்கு எங்கே வலிக்கிறதென்று அப்பா வழியாகவா கேட்பேன்?

ஆகவே 'வருந்து' என்று அவளுக்கு நீங்களே எழுதுங்கள். அண்ணிக்கு என் அன்பு. உங்கள் மேசையில் ரொட்டியும் வீட்டில் சமாதானமும் குறையாதிருக்கட்டும்.

பின்குறிப்பு, ஞாயிறு: அவளுக்கு எழுதவேண்டாம். நேற்று ஓய்வுநாள் முடிகிற இருட்டில், ஹெர்ஷல் ஜெபாலயத்தில் இருக்க, நம் பெண்கள் யித்திஷில் சொல்லும் ஜெபத்தை ஜன்னலோரம் தொடங்கினேன். 'ஆபிரகாமின் தேவனே' என்று சொல்லிப் பாதியில் கண்ணைத் துடைக்க நின்றேன். விட்ட இடத்தில் ரெய்ஸல் பிடித்தாள். யித்திஷில். கடைசிவரை ஒரு சொல் தப்பவில்லை.

"ஐயோ, சபதம் போச்சேடி!" என்று பதறினேன். தலையசைத்து மறுத்துவிட்டுக் கூரையைக் காட்டினாள். மனுஷரோடு என்றுதானே சபதம்! அப்புறம் கூரையைப் பார்த்தபடியே, யித்திஷில், மெதுவாக: "ஆண்டவனே, வயித்துவலி போயிடுச்சுன்னு எங்கம்மாகிட்ட சொல்லு."

அண்ணா, எனக்கு மட்டும் எழுதுங்கள்: 'சாப்பிட வா கண்ணு' என்பதற்கு எபிரெயத்தில் என்ன? பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஹெர்ஷலை நம்ப முடியாது. சீக்கிரம் பதில் போடுங்கள்.