அப்பா துப்பாக்கியின் கைப்பிடி மாறிய விவகாரம்

ஓசூர்,
14.5.2007

சிரஞ்சீவி தம்பி சென்னப்பனுக்கு அண்ணன் தீர்த்தகிரி எழுதுவது. இங்கு நானும் உன் அண்ணியும் உடம்பளவில் சௌக்கியம். அங்கு நீங்கள் சௌக்கியம் என்பது உன் மகள் சுவாதியின் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்ததுமே தெரிந்தது. என் பெயருக்குப் பின்னால் எம்.எஸ்சி. போடாமல் விட்டதும் தெரிந்தது. அது கிடக்கட்டும்.

விஷயம் அப்பாவின் கைத்துப்பாக்கி. தேன்கனிக்கோட்டைத் தோட்டத்தில் யானை விரட்ட அவர் லைசென்ஸோடு வைத்திருந்தது, அவருக்குப் பிறகு உன்னிடம் இருந்து, இப்போது லைசென்ஸ் மாறி என்னிடம் வந்திருக்கிறது. தோட்டத்தை நீ எடுத்துக்கொண்டாய், துப்பாக்கியை எனக்குக் கொடுத்தாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பிடியின் இரு பக்கமும் இருக்கும் கறுப்புத் தட்டுகளில் கம்பெனி முத்திரையான மான் தலை எங்கே? சின்ன வயதில் நான் விரலால் தடவிப் பார்த்த மான் தலை. இப்போது தடவினால் வழுவழுவென்று இருக்கிறது. ஒரு எழுத்து, ஒரு எண் கிடையாது. ஃபேக்டரியில் தரம் பார்த்தே தலை நரைத்தவனிடம் மாற்றுச் சரக்கை அனுப்பியிருக்கிறாய்.

தட்டுகளை மட்டும் கழற்றி டிபன் டப்பாவில் வைத்து ஃபேக்டரிக்குக் கொண்டுபோனேன். மோல்டிங் பிரிவில் ஒருவர் பேக்லைட் பிளாஸ்டிக் என்றார், இன்னொருவர் எருமைக் கொம்பு என்றார், இருவரும் இப்போது பேசிக்கொள்வதில்லை. கடைசியில் டூல் ரூம் சிவராஜ் ஊசியைப் பழுக்கக் காய்ச்சித் தட்டின் மேல் வைத்தான். கொம்பென்றால் முடி கருகுகிற நாற்றம் வரவேண்டும். வந்ததோ கோயில் வாசனை. சிவராஜ் டப்பாவைச் சட்டென்று மூடிவிட்டு, "சார், இது சந்தனங்க. எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குச் சொல்லாதீங்க, நானும் பாக்கலீங்க" என்றான்.

சந்தன மரம் இத்தனை கறுப்பாக இருக்காதே என்று நானும் யோசித்தேன். சாயம் பூசியிருக்கிறாய். துளி இடைவெளி இல்லாமல் பொருந்தியிருப்பதிலேயே தெரிகிறது, திட்டம் போட்டுச் செய்த வேலை. அசலை யாருக்கோ தாரைவார்த்துவிட்டு, காட்டில் திருட்டுத்தனமாக வெட்டிய கட்டையில் தட்டு செதுக்கி மாட்டி, அதை என் லைசென்ஸில் ஏற்றியிருக்கிறாய். நாளைக்குப் போலீஸ் செக்கிங்குக்கு எடுத்துப்போனால் கம்பி எண்ணப்போகிறவன் நான். அண்ணன் ஜெயிலுக்குப் போனா தம்பிக்கு என்ன, பந்தியிலே ஒரு இலை மிச்சம். அசல் தட்டுகள் வந்து சேரும்வரை உன் வாசற்படி மிதிக்கமாட்டேன். கல்யாணத்தில் பெரியப்பா இடத்தில் நிற்க வேறு ஆளைப் பார்த்துக்கொள்.

சுவாதிக்கும் அவள் அம்மாவுக்கும் என் ஆசீர்வாதம். உனக்கும் உண்டு, வழக்கத்துக்காக.

இப்படிக்கு,
தீர்த்தகிரி

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். உன் அண்ணி தட்டுகளை வாங்கிப் பார்த்துவிட்டு, குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்த்தாள். கறுப்பாகக் கரைந்து ஓடியது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை நீ அப்பிய சந்தனமும் குங்குமமும், அதன்மேல் விட்ட எண்ணெயும். "உங்க வம்சத்துல பொட்டு வெக்கறதோட சரி, துடைக்கற வழக்கமே இல்லீங்களா?" என்று கேட்டாள். அடியில் மான் தலை கொம்போடு இருக்கிறது. ஆகவே முகூர்த்தத்துக்கு முந்தைய நாளே வருகிறோம். துடைக்காமல் வைத்திருந்தது உன் குற்றம்தான். அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.