நீலமாக மின்னிய ஏலக்கி

சர்க்கரை வந்தால் எல்லாரும் டாக்டருக்குப் பயப்படுவார்கள். மூக்கண்டப்பள்ளித் திருமலை சுகுணாவுக்குப் பயந்தார். வாழைப்பழத்தைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். மனைவி ஒரேயடியாக நிறுத்திவிட்டாள்.

ஏலக்கி வாழைப்பழம் இல்லாமல் ஒரு வாழ்வா? திருமலை திட்டம் போட்டார். அவர் வேலை பார்க்கும் கம்பெனியில் இரும்பு வார்ப்பில் விரிசல் பார்க்க புற ஊதா டார்ச் அடிப்பார்கள். அதேபோல் ஒன்றை வாங்கி வந்தார். வாழைக்காய் பழுக்கும்போது பச்சையம் சிதைந்து, தோலில் மிஞ்சும் பொருள் அந்த வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும். இது அவருக்குத் தெரியும். சுகுணாவுக்குத் தெரியாது. அதுதான் திட்டமே.

சுகுணாவைக் கூப்பிட்டு, சமையலறை விளக்கை அணைத்து, பிள்ளைகளுக்கு வாங்கிய பழச்சீப்பின்மேல் டார்ச் அடித்தார். பழமெல்லாம் நீலமாக மின்னியது.

"அய்யோ, எவ்வளவு அழகா இருக்குதுங்க!"

"அழகா? கடைக்காரன் கார்பைடு கல்லு வெச்சுப் பழுக்க வெச்சிருக்கான். விஷம்! குடு, போட்டுட்டு வர்றேன்."

போட்டார். மொட்டை மாடியில், வாயில்.

சீப்பு சீப்பாக விஷம் மாடியேறியது.

சுகுணா சும்மா இருக்கவில்லை. அஞ்செட்டியில் அவள் அண்ணன் தோட்டத்திலிருந்து வந்த பச்சைத் தார் வீட்டில் தொங்கியது. அவர் ஷிஃப்டுக்குப் போனதும் தினமும் ஜன்னலைச் சாத்திவிட்டு அதில் டார்ச் அடித்தாள். காயாக இருந்தவரை நீலமில்லை. மஞ்சள் ஏற ஏற நீலமும் ஏறியது. கரும்புள்ளியைச் சுற்றிப் பளீரென்று நீல வளையம்.

ஒரு மாலை மாடிக்கே வந்துவிட்டாள். திருமலையின் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன.

"அண்ணன் தோட்டத்துப் பழமும் நீலமாத்தான் மின்னுது. அதுக்கு யாருங்க கல்லு வெச்சது?"

"அது... வந்து..."

"ஒண்ணு தின்னும் பாத்தேன். சாகலை. தேனாட்டம் இருந்துச்சு. நீலம்னா பழுத்துடுச்சுன்னு அர்த்தம். அவ்வளவுதானே?"

திருமலைக்கு வாயடைத்தது, பாதி பழத்தால், பாதி வியப்பால். யாரும் சொல்லித் தராமல், கடைப்பழத்தையும் தோட்டத்துப் பழத்தையும் ஒப்பிட்டுக் கண்டுபிடித்திருக்கிறாளே! இந்த மூளை தங்கள் கம்பெனியில் இருந்தால் ஒரு விரிசல் தப்புமா?

"விஷத்தையெல்லாம் நீங்க ஒருத்தரே முழுங்க, என்ன, நீலகண்டரா?"

"இல்ல சுகுணா..."

"ஆமான்னே வெச்சுக்கங்க. தொண்டையப் பிடிக்க நான் இருக்கேன்ல. துப்புங்க!"

துப்பினார். டார்ச்சையும் ஒப்படைத்தார்.

இப்போது மாலையானால் தெருப் பெண்கள் சீப்போடு வருகிறார்கள். எது இன்றைக்கு, எது நாளைக்கு என்று சுகுணா டார்ச் அடித்துச் சொல்லச் சொல்ல, திருமலைக்குப் பெருமை தாங்கவில்லை.

அவருக்கும் ஒரு பொறுப்பு கொடுத்திருக்கிறாள்: விளக்கை அணைப்பது.