தாய்மார்கள் காணாமல் போன வழக்கு

குழந்தைகள் காணாமல் போவதை அடியோடு ஒழித்துவிடுவது என்று காவல்துறை மேலிடம் ஒருமனதாகத் தீர்மானித்தது. தீர்மானம் காலையில் அமலுக்கு வந்தது. சாயங்காலம் தையல்கடைக்காரியின் மகள் காணாமல் போனாள்.

புகார் வாங்க உட்கார்ந்திருந்தவர் ஏட்டு. எந்த உத்தரவைப் படித்துக் காட்டினாலும் "ஒரு சந்தேகம் ஐயா" என்று எழுந்து நிற்பவர். தலை நரைத்த பிறகும் பதவி உயர்வு அவர் பக்கம் எட்டிப் பார்க்காததற்கு அதுவே காரணம் என்று நிலையத்தில் பேசிக்கொள்வார்கள்.

தையல்காரி கழுத்தில் அளவு டேப்போடு ஓடி வந்திருந்தாள்.

"பள்ளிக்கூடம் விட்டா நேரா கடைக்குத்தான் வருவா. இன்னிக்கு வரலைங்க. மஞ்சள் கவுன், நானே தெச்சது. கை கொஞ்சம் நீளமாப் போயிடுச்சு, மடிச்சு விட்டிருப்பா."

ஏட்டு பேனாவை எடுத்தார். இன்ஸ்பெக்டர் தடுத்தார்.

"காணோம்னு எழுதாதீங்க ஏட்டய்யா. நம்ம ஊர்ல அது இல்லைன்னு ஆயிடுச்சு. 'இன்னும் வந்து சேரவில்லை'ன்னு எழுதுங்க."

"ஒரு சந்தேகம் ஐயா. வந்து சேராத பிள்ளையைத் தேடலாங்களா?"

"தேடினா, காணோம்னு நாமே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். எதிர்பார்க்கலாம். அதுக்குத் தடை இல்லை."

தையல்காரி பெஞ்சில் உட்கார்ந்து எதிர்பார்த்தாள். மறுநாள் ஒரு டிரைவர் தன் மகனை எதிர்பார்க்க வந்தார். அப்புறம் இன்னும் சில பெண்கள் வந்தார்கள். பெஞ்சு போதவில்லை. நிலைமையைப் பரிசீலித்த மேலிடம், பக்கத்து அறையைக் குளிரூட்டி, 'காத்திருப்போர் நல்வாழ்வு மையம்' என்று பெயர் சூட்டியது.

திறப்பு விழாவுக்கு உயர் அதிகாரி வந்தார். ரிப்பன் இருந்தது, கத்தரிக்கோலை மறந்துவிட்டார்கள். தையல்காரியிடம் இரவல் வாங்கினார்கள்.

"பொதுமக்கள் காவல் நிலையத்துக்கு வந்து நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால், நம் மீது அவர்கள் வைத்துள்ள நம்பிக்கைக்கு வேறு சான்று வேண்டுமா?" என்று அதிகாரி கேட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். தையல்காரியும் தட்டினாள். கத்தரிக்கோல் திரும்பி வர வேண்டியிருந்தது.

ஏட்டுக்கு அன்றே பல்வலி வந்தது. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, சீருடையைக் கழற்றி மாட்டிவிட்டு, பள்ளிக்கூட வாசலிலிருந்து நடக்க ஆரம்பித்தார். பார்த்தவர்களிடமெல்லாம் மஞ்சள் கவுனைப் பற்றிக் கேட்டார். தெருமுனையில் இஸ்திரி போடுபவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்:

"அந்தக் கேடயம் செய்யற குடோன்காரரு வண்டியில ஏத்திட்டுப் போனாரு. சின்னக் கைங்களா இருந்தா எழுத்து ஒட்ட வாட்டமா இருக்குமாம். அடிக்கடி ஏத்திட்டுப் போவாரு."

"இதை ஏன்யா வந்து சொல்லலை?"

"யாரும் காணாமப் போகலைன்னு நீங்கதானே பெரிசா போர்டு வெச்சிருக்கீங்க. நமக்கு ஏன் வம்பு?"

குடோனுக்குள் பசை வாடை மூச்சை அடைத்தது. பிள்ளைகள் வரிசையாகக் குனிந்து உட்கார்ந்து கேடயங்களில் தங்க எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஏட்டு ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். 'குழந்தைகள் காணாமல் போகாத நகரம்: முதல் பரிசு.'

கடைசியில் மஞ்சள் கவுன். கை மடித்து விடப்பட்டிருந்தது.

"உங்கம்மா அனுப்பினாங்க. வா கண்ணு, போகலாம்."

"இதை முடிக்கலையே. முடிச்சாத்தான் விடுவாரு," என்றாள் அவள், தலை நிமிராமல்.

ஏட்டு கேடயத்தை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். குடோன்காரர் நிதானமாக இருந்தார். "பாத்துங்க. இது உங்க டிபார்ட்மென்ட் ஆர்டர்."

குடோன்காரர் சட்டைக் காலரை ஒரு கையிலும் மஞ்சள் கவுனை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, மற்ற பிள்ளைகள் பின்தொடர, ஏட்டு நிலையத்துக்குள் நுழைந்தார். இன்ஸ்பெக்டருக்கு முகம் வெளுத்தது.

"யாருய்யா இவங்கள்லாம்?"

"காணாமப் போன பிள்ளைங்க ஐயா."

"யாருமே காணாமப் போகலையே? நீங்க கண்டுபிடிச்சா, தொலைஞ்சதா ஆகும். தொலைஞ்சதா ஆனா நமக்குக் கேடயம் குடுக்கிற விழா நின்னுபோகும்."

"அப்ப இந்த ஆளு?"

"தொலையாத பிள்ளைகளை அவர் எப்படிக் கடத்தியிருக்க முடியும்? சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?" என்ற இன்ஸ்பெக்டர், குடோன்காரரிடம், "நீங்க கிளம்புங்க. கேடயம் தாமதமாகாம பாத்துக்குங்க," என்றார்.

"பிள்ளைங்களையாவது அம்மாங்ககிட்ட குடுத்துடலாங்களா?"

"என்னன்னு சொல்லிக் குடுப்பீங்க? இங்கேயிருந்து ஒரு குண்டூசி வெளியே போனாலும் காரணம் காட்டணும்."

தாய்க்கும் மகளுக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருந்தது. ஏட்டு அந்தச் சுவரையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஐயா, பெரியவங்க காணாமப் போறதை ஒழிச்சாச்சுங்களா?"

இன்ஸ்பெக்டர் உத்தரவைப் புரட்டினார். "இல்லை. அது அடுத்த வருஷத் திட்டம்."

"அப்ப இந்தப் பொண்ணு ஒரு புகார் குடுக்குதுங்க. அவங்கம்மாவைக் காணோமாம்."

இன்ஸ்பெக்டர் கண்ணில் ஒளி வந்தது. அந்த நிமிடமே தனிப்படை அமைத்தார். புகார்தாரர் சொன்ன அடையாளம், கழுத்தில் டேப். தனிப்படை பக்கத்து அறைக் கதவைத் திறந்து காணாமல் போன தாயை மீட்டது. தையல்காரி மகளை வாரி எடுத்தாள். பசை காய்ந்து ஒட்டிப்போயிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிரித்து முத்தமிட்டாள். மற்றவர்களும் வரிசையாக மீட்கப்பட்டார்கள். டிரைவர் வசதி கருதித் தாய்மார் கணக்கில் சேர்க்கப்பட்டார்.

மறுநாள் பத்திரிகையில் வந்தது: 'பிள்ளைகளைத் தவிக்கவிட்டு மாயமான தாய்மார்கள்: போலீசார் அதிரடி வேட்டை.'

ஊர் கொதித்தது. குடோன் வாசலில் தினமும் நின்று டீ குடித்தவர்கள்கூடக் கொதித்தார்கள். "பெத்தவளா இவ?" என்று இஸ்திரிக்காரர் வாடிக்கையாளர்களிடம் கேட்டார். பிள்ளையையே விட்டுவிட்டுப் போகிறவளை நம்பித் துணியை எப்படிக் கொடுப்பது என்று தையல்கடையிலிருந்து நாலைந்து பேர் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

மக்கள் உணர்வை மதித்து, மீட்கப்பட்ட தாய்மார்களுக்குப் 'பொறுப்புணர்வுப் பயிற்சி' கட்டாயமாக்கப்பட்டது. வகுப்புக்குக் குழந்தைகளை அழைத்து வரக் கூடாது என்பது நிபந்தனை.

பயிற்சி நடக்கும் மண்டப வாசலில் தையல்காரி ஏட்டைப் பார்த்தாள். "இவளை எங்கே அண்ணே விடறது?"

"நான் இருக்கேன்மா. போயிட்டு வாங்க."

டிரைவரும் தாய்மார்களும் உள்ளே போனார்கள். ஏட்டு பிள்ளைகளோடு படியில் உட்கார்ந்தார். எதிர்ச் சாரியில் ஒருவர் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஏட்டின் மனைவி போனை நீட்டினாள். 'மறுபடியும் தெருவில் விட்டுவிட்டார்கள்' என்று படத்தின் மேல் எழுதியிருந்தது. படத்தில் பிள்ளைகள் மட்டும் இருந்தார்கள். மஞ்சள் கவுனின் தோள் மேல் ஒரு கை தெரிந்தது. கைக்கு உரியவரைப் படத்திலிருந்து யாரோ வெட்டியிருந்தார்கள்.

"சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பிட்டேன்," என்றவள், படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். "இந்தக் கையைப் பாருங்க. பிள்ளை பிடிக்கிறவன் கை மாதிரியே இல்ல?"

ஏட்டு கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, "ஆமா," என்றார்.